ஏழுக்குக் குறுக்குக் கோடு

கண்ணாடித் துண்டு ஆறங்குல நீளம், சுண்டுவிரல் அகலம்.
வெடிப்பின் இரு கரையிலும் சாந்து வைத்து ஒட்டி
மேலே தேதி எழுதிவிட்டு வருவேன்.
வெள்ளை அடித்தால் எந்தச் சுவரும் பொய் சொல்லும்.
கண்ணாடிக்கு அது தெரியாது.
உடையும்.

தெல்லிப்பழைக்கு வடக்கே,
கிடங்கிலிருந்து அறுபத்திரண்டு மீற்றரில்
(நாடா பிடித்து அளந்தது)
கனகசூரியம் வீடு.

கிடங்கு என்று நீங்கள் பார்ப்பது வாய் மட்டும்.
பச்சைத் தண்ணீர், ஓரத்தில் எருக்கலை,
யாரோ எறிந்த பிளாஸ்டிக் கதிரை.
உள்ளே, கல்லின் பின்னால் பக்கவாட்டில் குடைந்து
இரவிரவாய்ப் போயிருக்கிறார்கள்.
எவ்வளவு தூரம் என்று கேட்டால்
அந்த வருடம் ஊரில் ஒருவருக்கும் காது கேட்கவில்லை.

எடுத்த கல்லில் பாதி சூளைக்குப் போனது.
மீதி இந்த ஒழுங்கையின் அத்திவாரங்களுக்குள் கிடக்கிறது.
கனகசூரியமும் ஒரு டிப்பர் வாங்கினவர்.
"கீழை கிடந்தாலென்ன மேலை கிடந்தாலென்ன,
எங்கடை கல்லுத்தானே பிள்ளை."
நான் சிரிக்கவில்லை.
வீதிக்கு வந்துதான் சிரித்தேன்.

வரைபடத்தை விரித்தேன்.
வீட்டைச் சுற்றி ஒரு அகழி, அதற்குள் இளக்கமாய் மணல்:
நிலம் நெருக்கும்போது மணல் நெரியட்டும், சுவர் தப்பும்.
பொந்துக்குள் குழாய் இறக்கிச் சாந்து நிரப்பலாம்.
அதற்குக் காசு அடுத்த வருடம் வரும்,
அடுத்த வருடமும் அதையேதான் சொல்வார்கள்.
ஆகவே முதல் வேலை, வீட்டை அறுப்பது.
கூரையிலிருந்து அத்திவாரம்வரை இரண்டு விரல் இடைவெளி.
குசினியும் சாமியறையும் ஒரு பக்கம்,
விறாந்தையும் பிள்ளைகளின் அறையும் மறுபக்கம்.
இரண்டாய் நின்றால்
ஒன்று சரியும்போது மற்றதை இழுக்காது.

தவமலர் தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கேட்டா:
"அண்ணன் தம்பி அடிபட்டால் வீட்டைப் பிரிப்பினம்.
நாங்கள் ஆரோடை அடிபட்டனாங்கள்?"

கீழே கையைக் காட்டினேன்.
ஒருவரும் கீழே பார்க்கவில்லை.

இருபத்தேழு வருடம் முட்கம்பிக்கு வெளியே நின்றவர்கள்.
கம்பி அகன்ற அன்று வந்து பார்க்கையில்
வளவில் கிணறு மட்டும்.
என் படிவத்தில் மூன்று நிறம் உண்டு,
சிவப்பு என்றால் வெளியேறு.

நான்கு மாதத்தில் ஐந்து முறை போனேன்.
கண்ணாடி உடையவில்லை. பச்சை போட்டேன்.
பிள்ளைகளின் அறைக் கதவு பூட்ட மறுத்தது,
மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்றார்கள்.
மழை பெய்து எத்தனை நாள் என்று நானும் யோசிக்கவில்லை.

ஆறாம் முறை பின்னேர வெயில் சாய்வாய் விழுந்தது.
'17' என்றிருந்தது.
ஏழுக்கு நான் குறுக்கே ஒரு கோடு போடுவேன்,
முதல் வேலைத்தளத்தில் பிடித்த பழக்கம்.
இந்த ஏழில் கோடு இல்லை.

நான் திரும்பிப் பார்த்தேன்.
சுவரில் அவர்களின் கலியாணப் படம்.
சட்டம் இருந்தது, கண்ணாடி இல்லை.

தவமலர் ஒன்றும் கதைக்கவில்லை.
குசினிக்குள் போய் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலோடு வந்தா.
உள்ளே உடைந்த துண்டுகள், நான்கு சோடி.
ஒவ்வொன்றிலும் உடைந்த நாளும் நேரமும்.
"எறிய மனம் வரேல்லை" என்றா.

மேசையில் கொட்டி வரிசைப்படுத்தினேன்.
இடைவெளி நாற்பது நாள், முப்பத்தொன்று, பத்தொன்பது.
நான் எடுத்த எந்த அளவையும்விடச் சுத்தமான கணக்கு.
படிவத்தில் சிவப்பு. குறிப்பில் 'உடன் அறுக்கவும்'.

திங்கட்கிழமை வாள் வந்தது.
நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஊற்றி அறுத்தார்கள்,
சுண்ணாம்புப் பால் முற்றத்தில் வழிந்தது.
பின்னேரம் கனகசூரியம் பிள்ளைகளின் கதவைத் தள்ளினார்.
கொஞ்சம் உரஞ்சியது. பூட்டியது.

பொந்து நிரப்பும் காசு இன்னும் வரவில்லை.

புதுக் கண்ணாடி ஒட்டிவிட்டுப் பேனையைத் தவமலரிடம் கொடுத்தேன்.
அன்று இருபத்தேழு.
கோடு போடாமல் எழுதினா.
நான் திருத்தவில்லை.